கோலம் வரையும் எந்திரம்

தில்லியிலோ மும்பையிலோ அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் வாசல் பெரும்பாலும் இரண்டு முழ அகலமே உடையது. ஊரில் மண்வாசல் தெளித்து இருபத்தொரு புள்ளி வைத்துக் கோலமிட்ட பாட்டி, இங்கு வந்தால் ஐந்து புள்ளியோடு நிறுத்திக்கொள்கிறார். இடம் சுருங்கியதால் கோலத்தின் விதி மாறுவதில்லை. புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு ஒன்றுபோல் இருக்க வேண்டும். இழை புள்ளியைத் தொடாமல் வளைந்து செல்ல வேண்டும். ஒற்றை இழையில் போடும் சிக்குக் கோலமாயின், இழை தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். சிறிது விலகினாலும் பார்ப்பவர் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இத்தகைய ஐந்து புள்ளிக் கோலத்தைத் தானே வரையும் எந்திரம் ஒன்றை வீட்டு மேசையின்மேல் செய்துவிட இயலும். எழுதுகோலைக் கழற்றிவிட்டுச் சுழலும் வெட்டுக்கருவியைப் பொருத்தினால் அதே எந்திரம் மரப்பலகையில் பெயர் செதுக்கும். அக்ரிலிக் தகட்டை வெட்டும். தொழிற்சாலைகளில் இதன் மூத்த உடன்பிறப்புகள் உலோகக் கட்டிகளைக் குடைந்து வண்டிகளின் உறுப்புகளை உருவாக்குகின்றன. கோயம்புத்தூர், பெங்களூரு, புணே, இராஜ்கோட், லூதியானா ஆகிய நகரங்களின் பட்டறைகளில் அவற்றைச் 'சி.என்.சி.' என்று சுருக்கமாக அழைப்பர். கணினிவழி எண் கட்டுப்பாடு என்பது அதன் பொருள்.

எண்ணால் நகரும் கை

கோலமிடும் கைக்குக் கண் துணை நிற்கிறது. இழை சற்றே விலகினால் கண் காண்கிறது, கை திருத்திக்கொள்கிறது. எந்திரத்திற்குக் கண் இல்லை. ஒவ்வோர் இடத்தையும் அதற்கு எண்ணால் சொல்ல வேண்டும். தாளின் இடப்பக்கக் கீழ்மூலையைச் சுழியம் எனக் கொண்டால், அங்கிருந்து வலமாக 10 மி.மீ., மேல்விளிம்பை நோக்கி 20 மி.மீ. என இரண்டு எண்களே போதும். ஓர் இடம் ஐயமின்றிக் குறிக்கப்பட்டுவிடும். கணிதப் பாடத்தில் பயிலும் ஆயத்தொலைவுகள் இவையே. வலமிடமாகச் செல்லும் திசை எக்ஸ் அச்சு. முன்பின்னாகச் செல்லும் திசை ஒய் அச்சு. கருவியை ஏற்றி இறக்கும் திசை இசட் அச்சு. கோலத்தை எண்ணும் விதியுமாகக் காண்பது புதிதும் அன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்னும் மூவர், கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணத்தைக் கொண்டு விளக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர்.

எண்ணால் எந்திரத்தை நகர்த்தும் எண்ணம் அதற்கும் முற்பட்டது. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். இறக்கையின் வளைவைக் கைத்திறனை மட்டும் நம்பி வெட்டுவது கடினமாக இருந்தது. வளைவின்மேல் பல புள்ளிகளைக் கணக்கிட்டு, அவ்வெண்களின்படி எந்திரத்தை நகர்த்தலாம் என்று அவர் கருதினார். அக்கருத்து மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்து, துளையிட்ட தாள்நாடாவைப் படித்து உலோகம் வெட்டும் எந்திரமாக 1952ஆம் ஆண்டில் உருப்பெற்றது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அன்று அதை ஒரு வீட்டுக்குள் வைப்பது பற்றி எவரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்.

இன்று அப்பெட்டியின் வேலையை உள்ளங்கையளவுப் பலகை ஒன்று செய்கிறது. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005ஆம் ஆண்டில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ என்பது அப்பலகையின் பெயர். அதில் இயங்கும் ஜி.ஆர்.பி.எல். என்னும் நிரலை நார்வே நாட்டைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். பின்னர்ப் பலர் சேர்ந்து அதை வளர்த்தனர். விலை எதுவும் இல்லை. ஆர்டுயினோ ஊனோ பலகையில் நிரலுக்கான நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே. கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தை வைக்க அவ்விடம் போதாது. மூன்று அச்சுகளை ஒருங்கே நகர்த்தப் போதும்.

பழைய டிவிடி டிரைவ்

பயனற்றுப்போன கணினியின் டிவிடி டிரைவைத் திறந்தால், அதனுள் முன்னும் பின்னும் நகரும் ஒரு சிறு தட்டு இருக்கும். வட்டைப் படிக்கும் ஒளிக்கண்ணைச் சுமக்கும் தட்டு அது. அதை நகர்த்த ஒரு சிறு ஸ்டெப்பர் மோட்டாரும், ஒரு திருகுத் தண்டும், இரண்டு வழுவழுப்பான எஃகுக் கம்பிகளும் உள்ளன. சி.என்.சி. எந்திரத்தின் ஓர் அச்சுக்கு வேண்டிய அனைத்தும் அங்கேயே அமைந்திருக்கின்றன. இரண்டு டிரைவுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தினால் இரண்டு அச்சுகள் கிடைத்துவிடும். எழுதுகோலைத் தூக்கி இறக்க ஒரு சிறு செர்வோ மோட்டார் போதும். முழு எந்திரமும் ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கும். மாணவர் பலர் தம் முதல் எந்திரத்தை இவ்வழியிலேயே செய்கின்றனர்.

ஓர் எச்சரிக்கை உண்டு. வட்டில் எழுதும் வகை டிரைவின் லேசர் ஒளி கண்ணுக்குக் கேடு விளைவிக்கும். அதைக் கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

இந்த எந்திரத்தின் வரைபரப்பு ஏறத்தாழ 4 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் கொண்டது. அஞ்சல்தலையைவிடச் சற்றே பெரிது. தாளில் வரைய அதன் வலிமை போதும். மரத்தை வெட்ட அதனால் ஆகாது. மெல்லிய கம்பிகள் வளைந்துவிடும், மோட்டார் திணறி நின்றுவிடும். மரம் வெட்ட வேண்டுமாயின் அடுத்த எந்திரத்திற்குச் செல்ல வேண்டும். அங்கேதான் இடம் பற்றிய கேள்வி எழுகிறது.

எது நகர வேண்டும்?

வீட்டில் எந்திரம் செய்ய முற்படுபவர் முதலில் அளக்க வேண்டியது எந்திரத்தை அன்று. அதை வைக்கப்போகும் இடத்தை. படிப்பு மேசையின் ஓரமா, அலமாரியின் கீழ்த்தட்டா, கட்டிலுக்கு அடியில் உள்ள ஒரு சாண் உயரமா என்பது தெரிந்த பின்னரே வடிவம் பற்றி எண்ண வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, முடித்த எந்திரத்தை வைக்க இடமின்றித் தவிக்கின்றனர்.

வெட்டும் கருவி ஒரு பாலத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பலகை கீழே மேசைத்தட்டில் கிடக்கிறது. பாலம் அசையாமல் நிற்க, மேசைத்தட்டு முன்னும் பின்னும் நகர்வது ஒரு முறை. மேசைத்தட்டு அசையாமல் கிடக்க, பாலம் அதன்மேல் நகர்ந்து செல்வது மற்றொரு முறை. வெட்டும் வேலையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. இடத்தைப் பொறுத்தவரை அவ்வாறு அன்று. மேசைத்தட்டின் நீளம் 20 செ.மீ. எனில், அதன் இரு முனைகளும் கருவியின் கீழ் வந்து சேர அது 20 செ.மீ. நகர வேண்டும். ஆகவே முன்னும் பின்னுமாக அதற்கு 40 செ.மீ. வெற்றிடம் தேவை. சுவரை ஒட்டி வைத்தால் தட்டு சுவரில் இடிக்கும். பாலம் நகரும் முறையில் 20 செ.மீ. தட்டும், பாலத்தின் கால்கள் நிற்க ஏறத்தாழ 10 செ.மீ. இடமும் போதும், மொத்தம் 30 செ.மீ.

அவ்வாறாயின் எல்லாரும் பாலத்தையே நகர்த்தலாமே என்று தோன்றும். அசையாத பாலத்தை அடித்தளத்தோடு போல்ட்டுகளால் இறுக்கிவிடலாம். அது பாறைபோல் நிற்கும். நகரும் பாலமோ தன் கால்களை வழுக்குக் கம்பிகளின்மேல் ஊன்றி நிற்கிறது; சிறிது தளர்வு இருந்தாலும் ஆடும். முதன்முறை செய்பவருக்கு அசையாத பாலமே எளிது. இடம் மிகவும் குறைவாக இருந்தால் மட்டும் நகரும் பாலத்தின் தொல்லையை ஏற்கலாம். சிலர் எந்திரத்தையே சுவரோடு நிமிர்த்தி நிறுத்திவிடுகின்றனர். அப்போது அது தரையில் ஒரு சாண் இடமே கொள்ளும். மரத்தூளும் தானே கீழே விழுந்துவிடும். ஆனால் மேலும் கீழுமாக ஏறி இறங்க வேண்டிய பாலத்தின் எடையை மோட்டாரே தாங்க வேண்டியிருக்கும்.

சிறியது வலியது

சிறிய எந்திரம் என்றால் குறைபாடுள்ள எந்திரம் என்று பொருளன்று. வளையாத் தன்மையைப் பொறுத்தவரை சிறுமையே வலிமை. இதனை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். 30 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை மேசை விளிம்பில் வைத்து, 20 செ.மீ. வெளியே நீட்டுமாறு பிடித்துக்கொண்டு, முனையில் ஓர் அழிப்பானைத் தொங்கவிட வேண்டும். முனை எவ்வளவு தாழ்கிறது என்று குறித்துக்கொண்டு, 10 செ.மீ. மட்டும் நீட்டுமாறு மாற்றி மீண்டும் அதே அழிப்பானைத் தொங்கவிட்டால், தாழ்வு பாதியாகக் குறையும் என்றே பலர் எதிர்பார்ப்பர். அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். நீளம் இருமடங்கானால் வளைவு 2×2×2 மடங்காகிறது. ஆகவே 60 செ.மீ. பாலத்தை 30 செ.மீ. ஆகக் குறைத்தவர், ஒரு காசும் கூடுதலாகச் செலவிடாமல் எட்டு மடங்கு விறைப்பைப் பெற்றுவிடுகிறார்.

அதே அளவுகோலைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்திப் பிடித்தால் அழிப்பான் அதை அசைக்கவே இயலாது. அளவுகோல் 3 செ.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உடையதாயின், நிறுத்திப் பிடிக்கும்போது அதன் விறைப்பு நூறு மடங்கு. பாலத்திற்குப் பயன்படுத்தும் பலகையையோ அலுமினியச் சட்டத்தையோ நிறுத்தி வைத்துப் பொருத்துவதற்குக் காரணம் இதுவே. வீடு கட்டும்போது உத்தரத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கும் தச்சருக்கு இது தெரிந்த செய்தி.

தச்சரிடமிருந்து பெற வேண்டியது இன்னொன்றும் உண்டு. எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் செங்கோணத்தில் அமைய வேண்டும். மூலைமட்டம் இருந்தால் அதை வைத்துப் பார்க்கலாம். இல்லாவிடில் ஒரு கையில் 30 செ.மீ., மறு கையில் 40 செ.மீ. அளந்து குறித்து, அக்குறிகளுக்கு இடையே உள்ள தொலைவு 50 செ.மீ. வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய சட்டமாயின் 15, 20, 25 என்று அளக்கலாம். வரவில்லையெனில் எந்திரம் வரையும் சதுரம் சாய்ந்த கட்டமாகவே இருக்கும். எந்த நிரலாலும் அதை எளிதில் நிமிர்த்த இயலாது.

திருகின் கணக்கு

மோட்டார் சுழல்கிறது, தட்டோ நேராக நகர்கிறது. சுழற்சியை நேர்நகர்வாக மாற்றுவது திருகு. அறிவியல் ஆய்வகத்தில் கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியும் இதே தத்துவத்தில் இயங்குகிறது. தலையை ஒருமுறை முழுமையாகச் சுற்றினால் திருகு ஒரு புரியிடைத் தூரம் முன்செல்கிறது.

இரும்புக் கடையில் கிடைக்கும் 8 மி.மீ. விட்டமுள்ள புரியிட்ட தண்டின் புரியிடைத் தூரம் பொதுவாக 1.25 மி.மீ. ஆகும். ஸ்டெப்பர் மோட்டாரின் சிறப்பு, அது வழவழவென்று சுழலாமல் படிப்படியாகச் சுழல்வது. பரவலாகப் பயன்படும் வகையில் ஒரு சுற்றுக்கு 200 படிகள். எனவே ஒரு படிக்குத் தட்டு நகரும் தொலைவு 1.25 ÷ 200 = 0.00625 மி.மீ. தலைமுடியின் தடிமன் இதைப்போல் பன்மடங்கு. இவ்வளவு நுண்ணிய நகர்வு ஒரு மலிவான தண்டிலும் மோட்டாரிலும் கிடைப்பது வியப்பே. ஆயினும் இங்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். நிமிடத்திற்கு 300 சுற்று சுழலும் மோட்டார், தட்டை ஒரு நிமிடத்தில் 375 மி.மீ. மட்டுமே நகர்த்தும். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. முன்செல்லும் தனிவகைத் திருகுத் தண்டைப் பொருத்தினால் அதே மோட்டார் 2400 மி.மீ. நகர்த்தும், ஒரு படியின் அளவு 0.04 மி.மீ. ஆகிவிடும். விரைவைக் கூட்டினால் நுண்மை குறைகிறது. பெயர்ப்பலகை செதுக்குவதற்கு 0.04 தாராளம்.

கணக்கின்படி இவ்வாறு இருந்தாலும், எந்திரத்தின் உண்மையான நுண்மையைத் தீர்மானிப்பது வேறொன்று. ஒரு போல்ட்டில் நட்டைப் பாதிவரை சுற்றிவிட்டு, நட்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் மெல்லிய 'டக் டக்' ஒலி கேட்கும். புரிக்கும் புரிக்கும் இடையே உள்ள வெற்றிடத்தின் ஒலி அது. அவ்வெற்றிடம் இல்லாவிடில் நட்டு சுழலாமல் இறுகிவிடும். இருப்பதால் வேறொரு தொல்லை. தண்டு வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென எதிர்ப்பக்கம் திரும்பும்போது, முதலில் அவ்வெற்றிடம் நிரம்ப வேண்டும். அதுவரை மோட்டார் சுழல்கிறது, தட்டு அசைவதில்லை. பட்டறைகளில் இதனைப் 'பேக்லாஷ்' என்பர். இரண்டு நட்டுகளைப் பொருத்தி, நடுவே ஒரு சுருள்வில்லை வைத்துவிட்டால், ஒரு நட்டு புரியின் ஒரு முகத்தையும் மற்றது எதிர்முகத்தையும் அழுத்திக்கொண்டிருக்கும். தளர்வு பெரிதும் நீங்கும்.

கண்கட்டி எண்ணும் விளையாட்டு

கண்ணைக் கட்டிக்கொண்டு, "முன்னே பத்தடி, வலமாக நான்கடி" என்று பிறர் சொல்லக் கேட்டு நடக்கும் விளையாட்டைப் பிள்ளைகள் ஆடியிருப்பர். வழியில் ஒரு நாற்காலி தடுத்து ஓரடி எடுத்து வைக்க முடியாமற்போனால், அதன்பின் எண்ணும் அடிகள் யாவும் தவறான இடத்திற்கே இட்டுச்செல்லும். ஆனால் நடப்பவருக்கு அது தெரியாது. ஸ்டெப்பர் மோட்டாரின் நிலையும் இதுவே. கட்டுப்பாட்டுப் பலகை படிகளை எண்ணி அனுப்புகிறது. அவை உண்மையில் எடுத்து வைக்கப்பட்டனவா என்று திரும்பிக் கேட்பதில்லை. கருவி ஒரு கணுவில் சிக்கி மோட்டார் நாற்பது படிகளை இழந்துவிட்டால், மீதிப் படம் முழுவதும் அந்த அளவு தள்ளியே வெட்டப்படும். எந்திரம் தன் பிழையை அறியாமல் இறுதிவரை உழைத்துக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் ஒவ்வோர் அச்சின் முனையிலும் ஒரு சிறு சுவிட்ச் வைக்கின்றனர். வேலை தொடங்குமுன் எந்திரம் மெல்ல நகர்ந்து அச்சுவிட்சைத் தொட்டு, 'இதுவே என் வீடு' என்று எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குகிறது.

புள்ளி விடுபட்டால்

எந்திரத்திற்குச் சொல்லும் கட்டளைகள் ஜி-கோடு எனப்படும். அவை மிகச் சிறிய மொழி. ஜி21 என்றால் அளவுகள் மில்லிமீட்டரில் உள்ளன. ஜி0 என்றால் வெட்டாமல் விரைந்து செல். ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் செல். ஜி2, ஜி3 இரண்டும் வட்டவில்லில் செல்லச் சொல்பவை, ஒன்று கடிகாரமுள் சுழலும் திசையிலும் மற்றது எதிர்த்திசையிலும். கோலத்தின் வளைவுகளுக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. ஒரு சிறு கோட்டைச் செதுக்கும் கட்டளைகள் பின்வருமாறு அமையும்:

ஜி21
ஜி90
ஜி0 இசட்5
ஜி0 எக்ஸ்10 ஒய்10
ஜி1 இசட்-0.5 எஃப்100
ஜி1 எக்ஸ்30 எஃப்400
ஜி0 இசட்5

ஜி90 என்பது எல்லா எண்களையும் சுழியத்திலிருந்தே எண்ணச் சொல்கிறது. பின்னர், கருவியைப் பலகைக்கு மேல் 5 மி.மீ. உயர்த்தி, தொடங்கும் இடத்திற்குச் சென்று, அரை மில்லிமீட்டர் ஆழம் இறக்கி, வலமாக 20 மி.மீ. வெட்டிவிட்டு மீண்டும் உயர்த்த வேண்டும். எஃப் என்பது நிமிடத்திற்கு எத்தனை மில்லிமீட்டர் என்னும் வேகம்.

ஐந்தாம் வரியில் 0.5 என்பதற்கு மாறாகப் புள்ளியை விட்டுவிட்டு 05 என்று எழுதிவிட்டால், கருவி ஐந்து மில்லிமீட்டர் ஆழத்திற்குப் பாயும். 4 மி.மீ. ஒட்டுப்பலகையைத் துளைத்து மேசைத்தட்டையும் கிழிக்கும். பெரும்பாலும் கருவியின் முனை ஒடிந்து தெறிக்கும். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. படிப்பவர் இடம் நோக்கிப் பொருளை உணர்ந்துகொண்டனர். எந்திரத்திடம் அத்தகைய இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே புதிய கட்டளைத் தொகுப்பு எதையும், முதலில் கருவியைப் பலகைக்கு மேலே உயர்த்தி வைத்துக் காற்றில் ஓட்டிப் பார்ப்பதே அறிந்தவர் வழக்கம்.

அண்டை வீட்டாரும் மரத்தூளும்

சிறிய எந்திரம் ஒரே வெட்டில் பலகையை அறுப்பதில்லை. அரை மில்லிமீட்டராக எட்டு ஒன்பது முறை அதே பாதையில் சென்று 4 மி.மீ. பலகையை வெட்டி முடிக்கும். வலிமைக்கு ஈடாகப் பொறுமை. ஆனால் பொறுமை என்பது மெதுவாகச் செல்வது மட்டும் அன்று. இரண்டு பல் உள்ள கருவி நிமிடத்திற்கு 10,000 சுற்று சுழன்று, 400 மி.மீ. முன்சென்றால், ஒவ்வொரு பல்லும் 0.02 மி.மீ. மரத்தைச் சீவுகிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் பல் சீவுவதை விட்டுவிட்டு உரசத் தொடங்கும். உரசினால் சூடேறும், மரம் கருகும் மணம் வரும். புகை கண்டதும் வேகத்தை இன்னும் குறைப்பவர் நிலைமையை மோசமாக்குகிறார்.

இவ்வளவும் ஓர் அறைக்குள், பிறர் உறங்கும் படிக்கும் வீட்டில் நடைபெற வேண்டும். வெட்டும் மோட்டாரின் இரைச்சலைவிட அதிர்வே அதிகத் தொலைவு செல்லும். எந்திரத்தைத் தரையில் வைத்தால் கீழ்த்தளத்து வீட்டின் கூரையே அதிரும். தடித்த ரப்பர் விரிப்பின்மேல், கனமான மேசையில் வைத்தால் ஓரளவு அடங்கும். எஞ்சியதைப் பிற்பகல் உறக்க நேரத்தையும் இரவையும் தவிர்ப்பதன்மூலமே தீர்க்க முடியும்.

தூள் அதைவிடக் கடுமையான செய்தி. பெரிய இழைப்புச் சுருள்கள் தீங்கற்றவை; பெருக்கி எடுத்துவிடலாம். எம்.டி.எஃப். பலகையின் தூளோ மாவைப்போல் நுண்ணியது. அது காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் செல்லும். மின்சுற்றுப் பலகைகளில் உள்ள கண்ணாடி இழையின் தூள் இன்னும் தீயது. படுக்கையும் சமையலும் அருகில் இருக்கும் வீட்டில் இவற்றைத் திறந்தவெளியாக வெட்டவே கூடாது. ஒட்டுப்பலகையால் ஒரு பெட்டி செய்து, முன்புறம் அக்ரிலிக் சாளரம் வைத்து, எந்திரத்தை அதனுள் அடைத்து, வெற்றிடத் தூசி உறிஞ்சியின் குழாயைக் கருவியின் அருகே பொருத்த வேண்டும். பெட்டி ஒலியையும் அடக்கும். ஒடிந்து தெறிக்கும் முனையையும் தடுக்கும். ஒரே செலவில் மூன்று பயன்.

மின் இணைப்பு வேலைகளைப் பெரியவர் ஒருவர் உடனிருந்தே செய்ய வேண்டும். வெட்டும்போது கண்ணாடி அணிய வேண்டும். கையுறை கூடாது, சுழலும் கருவி அதைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தளர்ந்த கூந்தல், நீண்ட சட்டைக்கை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. வெட்டுமோட்டாரின் மின்சாரத்தை உடனே நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை விட்டுவிட்டு எவரும் அடுத்த அறைக்குச் செல்லலாகாது.

முதல் கோலம்

முடிந்த எந்திரத்தில் முதலில் பொருத்த வேண்டியது வெட்டுக்கருவி அன்று, எழுதுகோலே. தவறு நேர்ந்தால் வீணாவது ஒரு தாள் மட்டுமே. புள்ளிகளுக்கு இடையே 20 மி.மீ. விட்டு, ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றை வரையச் சொல்லலாம். ஒரே இழையில் முடியும் கோலம் என்பதால் எழுதுகோலைத் தூக்கவே வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, இழை எல்லாத் திசைகளிலும் வளைந்து திரும்பிப் பிறந்த இடத்திற்கே வருவது. எந்திரத்தின் குறை எதுவாயினும் அந்தச் சந்திப்பில் வெளிப்பட்டுவிடும்.

முதல் தாளில் பெரும்பாலும் கோலம் மூடாது. வளைவுகளின் உச்சியில், அச்சு திசை மாறும் இடங்களில், இழை சற்றே தட்டையாகத் தோன்றும். அது நட்டின் தளர்வு. சுருள்வில்லை இறுக்க வேண்டும். இரண்டாம் தாளில் வளைவுகள் உருண்டிருக்கும். ஆனால் கோலத்தின் பிற்பாதி முழுவதும் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கலாம். அது இழந்த படிகள். வேகத்தைச் சிறிது குறைத்து, வழுக்குக் கம்பிகளைத் துடைத்து எண்ணெயிட வேண்டும். கோலம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மூலைமட்டத்தை மீண்டும் எடுக்க வேண்டும்.

பிறகு புதிய தாளை ஒட்டி, எழுதுகோலை இறக்கி, மோட்டார்களின் மெல்லிய ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். இழை கடைசிப் புள்ளியைச் சுற்றி, தன் தொடக்கத்தை நோக்கித் திரும்புகிறது. இன்னும் பத்து மில்லிமீட்டர், ஐந்து, இரண்டு. எழுதுகோல் நின்று மேலெழுந்ததும், எங்கே தொடங்கியது என்று தாளில் தேட வேண்டியிருந்தால், கோலம் மூடிவிட்டது.